முன்வரிசையில் மதினி

தேனியில் நானும் என் கணவரும் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறோம். அவர் உள்ளறையில் கண் பரிசோதிப்பார். லென்ஸை மெஷினில் கொடுத்து ஃப்ரேமுக்குத் தக்கபடி அறுப்பார். நான் முன்னால் உட்கார்ந்து ஃப்ரேம் எடுத்துக் காட்டுவேன், பில் போடுவேன், “இது உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு” என்று சொல்வேன். மூன்றில் கடைசி வேலைதான் சிரமம். எல்லா முகத்துக்கும் எல்லா ஃப்ரேமும் எடுப்பாக இருந்துவிடாது.

ஒருவர் பரிசோதனைக்கு உள்ளே போனால் வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தில் போனில் எழுத ஆரம்பித்தேன். ஆள் வெளியே வருவதற்குள் கதையை முடித்தாக வேண்டும். என் கதைகள் ஒரு பக்கத்தைத் தாண்டாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். பின்னால் ஒரு கூட்டத்தில், “சொற்சிக்கனம் உங்களுக்கு எப்படிக் கைவந்தது?” என்று ஒருவர் கேட்டபோது, “கஸ்டமர் வந்துருவாருங்க” என்றேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

எழுதியதையெல்லாம் முகநூலில் போட்டேன். கடைக்கு வருகிறவர்களே பாதிக் கதையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரே செய்தித்தாளைப் படிக்கும் அண்ணன் தம்பி. மருமகளுக்குப் பிடித்த நிறத்தில் ஃப்ரேம் வேண்டும் என்று வந்து, கடைசியில் தனக்குப் பிடித்ததை வாங்கிப் போன மாமியார். இப்படி.

ஒருநாள் மதுரையிலிருந்து ஒரு பதிப்பாளர் கூப்பிட்டார். சின்னப் பதிப்பகம். குறுங்கதைகளுக்கென்றே ஐந்து புத்தகங்கள் கொண்டுவரப் போவதாகவும், ஒவ்வொன்றும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போகிற அளவில் இருக்கும் என்றும், தேனியில் நடக்க இருக்கும் எழுத்துத் திருவிழாவில் ஐந்தையும் சேர்த்து வெளியிட எண்ணம் என்றும் சொன்னார். ஐந்தில் ஒன்று என்னுடையது. அன்றைக்கு எழுத்தாளர்கள் ஆளுக்கு இரண்டு கதை வாசிக்க வேண்டும்.

“நீங்க ‘புதுக் கண்ணாடி’ கதையக் கண்டிப்பா வாசிக்கணும்,” என்றார். “அதப் படிச்சுத்தான் உங்களத் தேடிப் பிடிச்சேன்.”

சரி என்று போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கதை என் மதினியைப் பற்றியது.

மதினி என்றால் என் கணவரின் அக்கா. பண்ணைப்புரத்தில் திராட்சைத் தோட்டம். வேலைக்கு வரும் பெண்களிலிருந்து மருந்தடிக்கும் ஆள், லாரிக்காரர் வரை எல்லாரையும் வரப்பில் நின்ற இடத்திலிருந்தே குரலால் மேய்க்கிறவர். அவர் போனில் பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை. அப்படிப்பட்டவருக்குக் கண்ணாடி போடுவது மட்டும் பிடிக்காது. வெள்ளெழுத்து வந்து, தூரமும் மங்கி வெகுநாளாகியும் போனைக் கைநீட்டத் தூரத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். கை எட்டாமல் போனபோதுதான் பிரச்சினை வந்தது. குடும்பக் குழுவில் ஒரு பெரியவர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தபோது, மதினி பூங்கொத்துப் படம் போட்டு, ‘வாழ்த்துகள், மென்மேலும் வளர்க’ என்று அனுப்பிவிட்டார். மறுநாளே என் கணவர் போய் அவரைக் கடைக்கு வரச் சொன்னார்.

நாலைந்து வருடம் இருக்கும். மதினியும் அவர் வீட்டுக்காரரும் வந்தார்கள். மதினியின் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் அமைதியான மனிதர். ஆனால் கடைக்குள் வந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். கருப்புக் கண்ணாடி அடுக்கியிருக்கும் சுழல் ஸ்டாண்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்று ரொம்பப் பிடித்துப்போய் அதைக் கழற்றவே இல்லை.

மதினிக்குத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்தே கண்ணாடி தயாரானது. போட்டார். என் கணவர் கொடுத்த அட்டையில் கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு வாசலில் நின்று தெருவைப் பார்க்கச் சொன்னோம்.

“ஏலே தம்பி, பஸ்ஸுல போர்டு இம்புட்டுத் தெளிவாவா எழுதியிருக்கான்?” என்று ஆச்சரியப்பட்டார். “நான் கலரப் பார்த்துத்தான்டா இத்தன நாளா ஏறிக்கிட்டிருக்கேன்.”

பிறகு திரும்பி அண்ணனைப் பார்த்தார்.

“ஏங்க, அந்தக் கருப்புக் கண்ணாடியக் கழட்டுங்க. உங்க மூஞ்சியப் பார்ப்போம்.”

அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி நின்று கழற்றினார். மதினி பக்கத்தில் போய் அவரை உற்றுப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

“என்னங்க இது, இம்புட்டுக் கெழண்டு போயிட்டீக!”

நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். கடையில் இருந்த இன்னொரு வாடிக்கையாளரும் சிரித்தார். அண்ணன் கூச்சத்தோடு கருப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். மதினி புதுக் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து டப்பென்று மூடினார்.

“இது வேணாம் தாயி. இவுகளப் பழைய கண்ணுலயே பார்த்துக்கிறேன்.”

வேண்டாம் என்றாலும் கூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். டீ சொல்லியிருக்கிறோம் என்றேன், நிற்கவில்லை. போய்விட்டார்கள்.

அதை நினைத்து நினைத்துச் சிரித்துக் கடைசியில் கதையாக எழுதினேன். நிஜத்தை அப்படியே எழுதவில்லை. பண்ணைப்புரத்தைப் போடி ஆக்கினேன். திராட்சையை வாழை ஆக்கினேன். மதினி நல்ல உயரம், அதனால் கதையில் வருகிறவளைக் குள்ளமாக்கினேன். ஆனால் அந்தப் பேச்சை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. கதையில் இருந்த நல்ல வரியே அதுதான். முடிவை நானாக வைத்தேன்: கண்ணாடி பீரோவுக்குள் கிடக்கிறது, அந்தப் பெண்ணுக்கு மாலை வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிகிற கணவன், கல்யாணத்தன்று பார்த்த மாதிரியே இளமையாக இருக்கிறான். படித்தவர்கள் கண்ணீர்ப் பொம்மையும் இதயமுமாக அனுப்பித் தள்ளினார்கள்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் கணவரிடம் கேட்டேன்.

“ஏங்க, மதினி வந்துட்டா என்ன பண்றது?”

“அக்கா எங்குட்டு வரப்போகுது? அங்கன திராட்சை வெட்டு நடக்குது. இதுக்கெல்லாம் வராது,” என்றார். சொன்னவர், அக்காவிடம் போனில் பேசும்போது, என் பெயர் போட்ட புத்தகம் வருகிறது என்று அவரே பெருமையாகச் சொல்லியும் வைத்தார்.

திருவிழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. காற்றுக்காலம். கணவாய் வழியாக வருகிற காற்று வாசலில் கட்டியிருந்த பேனரைக் காலையிலேயே பாதி பிய்த்துவிட்டது. ‘எழுத்துத்’ என்பது கம்பத்தைச் சுற்றிக்கொள்ள, ‘திருவிழா’ மட்டும் தெரிந்தது. தெருவில் போன இரண்டு பேர் ஏதோ கோயில் விசேஷம் என்று நினைத்து உள்ளே வந்து, காலைப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு, மரியாதைக்காக ஒரு அமர்வு முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். கேட்டவர்களில் அவர்கள்தான் கவனமாகக் கேட்டார்கள் என்று ஏற்பாட்டாளர் ஒருவர் சொன்னார்.

மணப்பெண் அறையில் புத்தகங்களை அடுக்கியிருந்தார்கள். என் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். உள்ளங்கைக்குள் அடங்கியது. ஐந்து புத்தகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒரு நாவல் உயரத்துக்கு வந்தது. ஒரு பெண்மணி என் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கண்ணாடி கொண்டாரலையே, எழுத்து ரொம்பப் பொடியா இருக்கே” என்றார். எனக்குத் தொழில்புத்தி வந்துவிட்டது. பேச்சுவாக்கில் கடைக்கு வழி சொல்லிவிட்டேன்.

எங்கள் அமர்வு ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் இருந்தபோது வாசலில் ஒரு லோடு வேன் வந்து நின்றது. ஓட்டுநருக்குப் பக்கத்திலிருந்து மதினி இறங்கினார். பின்னால் இருந்து அண்ணனும், பண்ணைப்புரத்திலிருந்து பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் இறங்கினார்கள். வேனுக்குள் ஒரு பிளாஸ்டிக் கிரேட் நிறையப் பன்னீர் திராட்சை.

“ஏத்தா! புத்தகம் போட்டுட்டு எங்கிட்டச் சொல்லாம இருந்துட்டியே!” மண்டபத்துக்குள் மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் ஒரு நொடி நிறுத்தினார். “இந்தா, பழத்தக் கழுவி எல்லாருக்கும் குடுக்கச் சொல்லு. மருந்தடிச்சு நாளாச்சு, பயப்படாமச் சாப்பிடலாம்.”

“வெட்டு நடக்குதுன்னு சொன்னாரே மதினி?”

“நடக்குது. நடக்கட்டும். நீ வாசிக்கிறத நாளைக்கு வந்து கேக்க முடியுமா?”

நேராகப் போய் முன்வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஒரு பக்கம் அண்ணன், இன்னொரு பக்கம் பக்கத்து வீட்டுப் பெண்கள்.

நான் பதிப்பாளரைத் தேடி ஓடினேன். “அந்தக் கதைய விட்டுட்டு வேற வாசிச்சுக்கிறேங்க,” என்றேன். அவர் நோட்டீஸைக் காட்டினார். என் பெயருக்குக் கீழே ‘புதுக் கண்ணாடி’ என்று அச்சாகியிருந்தது. “அதக் கேக்கத்தான் பாதிப் பேர் வந்திருக்காங்க. என்ன ஆச்சு?” என்றார். முன்வரிசையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். எட்டிப் பார்த்தார். மதினி மேடைக்குப் பக்கத்தில் நின்ற ஆளிடம் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். பதிப்பாளர், “ஊரை மாத்தியிருக்கீங்கள்ல? தெரியாது,” என்றார். அவர் குரலில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

எனக்கு முன்னால் வாசித்தவர் உத்தமபாளையத்தில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் ஒரு பாய். ஐந்து புத்தகங்களில் அவருடையதுதான் மிகச் சின்னக் கதைகள் கொண்டது. வெள்ளைச் சட்டை, கஞ்சி மொடமொடப்பு. மைக்கைச் சரிசெய்தார், தொண்டையைக் கனைத்தார், வாசித்தார்.

“கம்பம் ஸ்டாண்டில் பஸ் ஏறியவர் தூங்கிப்போனார். தட்டி எழுப்பிய கண்டக்டர் மலையாளத்தில் பேசினார்.”

நிறுத்தினார். எல்லாரும் காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்தார். பின்வரிசையில் ஒருவர் அப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டு வசதியாக உட்கார்ந்தார்.

“முடிஞ்சிருச்சு,” என்றார் பாய்.

மண்டபம் அதிர்ந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் அவர் இரண்டாவது கதையையும் வாசித்து முடித்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். அந்தக் கதை என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இறங்கும்போது என்னிடம், “போங்கம்மா, சனத்த நல்லாச் சூடு பண்ணி வச்சிருக்கேன்,” என்றார்.

முதலில் அண்ணன் தம்பி கதையை வாசித்தேன். நன்றாகப் போனது. அடுத்தது ‘புதுக் கண்ணாடி’. கையில் இருந்த புத்தகம் சின்னது என்பதால் அதற்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ளவும் வழியில்லை. “போடியில் வாழைத்தோட்டக்காரி ஒருத்தி,” என்று ஆரம்பித்தேன். மதினி கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். குள்ளமானவள் என்று வந்த இடத்தில் எதுவும் நடக்கவில்லை. பஸ் போர்டு வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களில் ஒருத்தி மதினியைத் திரும்பிப் பார்த்தாள். கருப்புக் கண்ணாடி வந்தது. இன்னொருத்தியும் திரும்பிப் பார்த்தாள். “இம்புட்டுக் கெழண்டு போயிட்டீக!” என்று நான் வாசித்ததும் மண்டபமே சிரித்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, கையால் தலைமுடியைத் தடவிவிட்டுக்கொண்டார். மதினி மட்டும் சிரிக்கவில்லை.

எப்படியோ கடைசி வரி வரை வந்து சேர்ந்தேன். கைதட்டினார்கள். நான் இறங்குவதற்குள் அமர்வை நடத்தியவர், “வாசகர்கள் யாராவது கதையைப் பற்றிச் சொல்ல விரும்பினால்…” என்றார்.

மதினி கையைத் தூக்கினார்.

மைக் அவரிடம் போனது. அவருக்கு அது தேவைப்படவில்லை என்றாலும் வாங்கிக்கொண்டார்.

“கதை நல்லாத்தான் இருக்கு. போடிக்காரின்னு எழுதியிருக்கு. அது நாந்தான்.”

மறுபடியும் சிரிப்பு. பக்கத்து வீட்டுப் பெண்கள், “அதான, நாங்களும் பார்த்தோம்,” என்று சத்தமாகவே சொன்னார்கள். மேடையில் இருந்த மேசைக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று நான் நிஜமாகவே பார்த்தேன்.

“குள்ளம்னு எழுதினதக்கூட விட்டுர்றேன்,” என்றார் மதினி. “ஆனா முடிவு அப்படி இல்ல. சொல்லலாமா?”

“சொல்லுங்கம்மா,” என்றார் அமர்வை நடத்தியவர்.

“அன்னைக்கு இவுக அந்தக் கருப்புக் கண்ணாடியக் கழட்டுனாகள்ல, பார்த்தேன். கண்ணு ரெண்டும் மஞ்சளா இருந்துச்சு. முழியில வெள்ளை இருக்குற இடம் பூராம் மஞ்சள். எத்தன நாளா இருந்துச்சோ, என் கண்ணுக்குத் தெரியல. வெடிய இருட்டுல தோட்டத்துக்குப் போறது, இருட்டுல வர்றது. யாரு பார்த்தா? இவுக அப்பா மஞ்சக்காமாலையிலதான் போனாக. அந்த வார்த்தையச் சொன்னாலே இவுகளுக்குக் கைகாலு ஓடாது. எனக்கு அழுக வந்துருச்சு. அழுதா இவுகளுக்குத் தெரிஞ்சுபோகும்ல? அதான் கெழண்டு போயிட்டீகன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சீக. அந்தச் சத்தத்துல கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு வெளிய வந்துட்டேன்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“மறுநா எனக்கு வயித்து வலின்னு சொல்லி இவுகளக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மாகிட்ட நான் மட்டும் உள்ள போயி, ‘எனக்கு ஒண்ணுமில்ல தாயி, வெளிய எங்க வீட்டுக்காரு உக்காந்திருக்காக, பயந்த ஆளு, அவுகளப் பாருங்க’ன்னு சொன்னேன். அந்தம்மா வெளிய வந்து, ஏதோ இப்பத்தான் பார்த்த மாதிரி, ‘ஐயா, நீங்களும் கொஞ்சம் வாங்க’ன்னாக. ஸ்கேன் எடுத்தாக. பித்தக்குழாயில கல்லு அடைச்சிருக்காம். மதுரைக்கு அனுப்பிக் குழாய விட்டு எடுத்தாக. இன்னும் தாமதிச்சிருந்தா செரமமாப் போயிருக்கும்னாக. அப்புறம்…” என் பக்கம் திரும்பினார். “கண்ணாடி பீரோவுல கிடக்குதுன்னு எழுதியிருக்கு. அது இல்ல. தெனம் காலையில காப்பி குடுக்கும்போது போட்டுக்கிருவேன். மொதல்ல இவுக கண்ணப் பார்ப்பேன். வெள்ளையா இருந்தா, கழட்டி வச்சுட்டு வேலையப் பார்க்கப் போயிருவேன். அம்புட்டுத்தான்.”

மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

அண்ணன் மஞ்சள் காமாலையோடு மதுரையில் படுத்திருந்தது எங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. பழம் வாங்கிக்கொண்டு நாங்களே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். ஆனால் கடையில் நடந்தது ஒரு சிரிப்புக் கதை, ஆஸ்பத்திரி வேறொரு கவலை என்று இரண்டையும் வேறு வேறு இடத்தில் போட்டு வைத்திருந்தேன். அடுத்த நாளே அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் கடையை விட்டு இறங்கியதோடு என் கதை முடிந்திருந்தது. பின்னால் நின்றிருந்த என் கணவரைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

யார் முதலில் கைதட்டினார்கள் என்று தெரியவில்லை. பாய் என்று நினைக்கிறேன். பிறகு மண்டபமே தட்டியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அண்ணன் எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார். எனக்குப் பயமாகிவிட்டது. மேடையிலிருந்து இறங்கி அவர் பின்னால் போனேன்.

கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவக் கழுவக் கண் சிவந்துகொண்டே இருந்தது.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீக. மதினி இருக்கும்போது அந்தக் கதைய நான் வாசிச்சிருக்கக் கூடாது.”

“நீ என்னம்மா பண்ணுன?” என்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார். “எனக்கே இப்பத்தானம்மா தெரியும். அந்த டாக்டரம்மா ஏதோ தற்செயலாப் பார்த்துச்சு, நம்ம நல்ல நேரம்னு இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருக்கேன். எத்தன பேருகிட்டச் சொல்லியிருக்கேன் தெரியுமா, அந்தம்மா கண்ணு கழுகுக் கண்ணுன்னு!”

திறந்தே கிடந்த குழாயை மூடினேன். அவரே கொஞ்சம் சிரித்தார்.

“அது போகட்டும். கெழண்டு போயிட்டேன்னு சொல்லிப்புட்டாளேன்னு அன்னையிலிருந்து தலைக்கு டை அடிச்சுக்கிட்டு இருக்கேனம்மா நான். மாசாமாசம். அது ஒத்துக்காமக் காதோரமெல்லாம் அரிப்பு வேற.”

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது. அதற்குள் மதினி வந்துவிட்டார்.

“இங்கன என்ன பண்றீக ரெண்டு பேரும்? அங்கன சாப்பாடு போட ஆரம்பிச்சுட்டாக.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?” என்றார் அண்ணன்.

“சொல்லியிருந்தா வந்திருப்பீகளாக்கும்? கீழாநெல்லிய அரைச்சுக் குடிச்சுக்கிட்டுத் தோட்டத்துலயே கிடந்திருப்பீக.”

“அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?”

“அப்புறம் என்னத்துக்கு? அதான் நல்லாயிட்டீகள்ல,” என்றார் மதினி. பிறகு முந்தானையால் அண்ணனின் காதோரம் கருப்பாக வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, “டை எப்ப அடிச்சீக? நீங்களா அடிச்சீகளா? நான் என்னமோ கல்லு எடுத்த பெறகு ரத்தம் ஊறித்தான் முடி கருத்துருச்சுன்னுல்ல எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன்!” என்றார்.

மூன்று பேரும் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனோம். பந்தியில் மதினிக்குத் தனி மரியாதை நடந்தது. ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பேசினார்கள். கல்லூரிப் பெண்கள் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். புத்தகக் கடையில் என் புத்தகத்தை வாங்கியவர்கள் என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கிய கையோடு மதினியிடமும் நீட்டினார்கள்.

“நான் என்னத்த எழுதுனேன், கையெழுத்துப் போட?” என்று முதலில் மறுத்தார். மூன்றாவது ஆளிலிருந்து பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டார். அவர் கையெழுத்து என் கையெழுத்தைவிடப் பெரியது. பல பிரதிகளில் என்னுடையது அதற்கு அடியில் போய்விட்டது. அன்று சாயங்காலத்துக்குள் என் புத்தகம் மேசையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பன்னீர் திராட்சையும்தான்.

பதிப்பாளர் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். மறுபதிப்பில் மதினி சொன்னதையும் தனிக் கதையாகச் சேர்த்துவிடலாம், என் கதைக்கு எதிர்ப்பக்கத்தில் வரட்டும் என்றார். நான் முதலில் என் கதையையே எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். மதினியிடம் கேட்டேன்.

“எடுக்காத. உன் கதையில சிரிப்பு இருக்கு. நெசத்துல அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரல. அதுவாவது இருக்கட்டும்.”

அவர் சொன்னதை மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லி வாய்ஸ் மெசேஜாக வாங்கினேன். ராத்திரிச் சமையல் முடிந்து சாவகாசமாகச் சொன்னதால் மண்டபத்தில் சொல்லாத சங்கதியெல்லாம் வந்தது. மதுரையில் அண்ணனை உள்ளே கொண்டுபோனபோது அவருடைய கைக்கடிகாரத்தைத் தன் கையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அது தன் கைக்குப் பொருந்தாமல் முழங்கை வரைக்கும் நழுவி நழுவிப் போனது, எல்லாம். கடைக்கு ஆள் வராத ஒரு மத்தியானம் உட்கார்ந்து, அவர் பேச்சு எப்படி இருந்ததோ அப்படியே தட்டச்சு செய்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. இந்த வரிசையில் எந்தக் கதையும் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது பதிப்பாளரின் கணக்கு.

எதைக் குறைப்பது என்று பார்த்தேன். ஸ்கேனை எடுக்கலாமா? எடுத்தால் கல் எப்படித் தெரிந்தது என்று புரியாது. டாக்டரம்மாவை எடுத்தால் கதையே நிற்காது. கடிகாரத்தை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. மதினிக்கே போன் போட்டேன். தோட்டத்தில் இருந்தார்.

“மதினி, நீங்க சொன்னது கொஞ்சம் நீளமா இருக்கு. அரைப் பக்கம் வெட்டணும். எத வெட்டட்டும்?”

“எதையும் வெட்டாத,” என்றார். “எம்புட்டுச் சுருக்கணுமோ அம்புட்டச் சுருக்கித்தான் சொல்லியிருக்கேன். இடம் பத்தலன்னா உன் கதையில கொஞ்சத்தக் குறைச்சுக்க.”

பதிப்பாளரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு எழுத்தின் அளவை ஒரு புள்ளி குறைத்து, மதினியின் கதையை ஒரே பக்கத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். நானும் என் கதையின் கடைசிப் பத்தியைத் திரும்பப் படித்து, அதில் ‘மங்கலாக’ என்ற சொல் இரண்டு முறை வருவதைப் பார்த்து ஒன்றை எடுத்தேன். புதுப் பதிப்பு வந்தது. பண்ணைப்புரத்துக்கு மட்டும் ஒரு கட்டு போனது. அங்கே எல்லாரும் மதினி கதை இருக்கும் வலது பக்கத்தை மட்டும்தான் படிக்கிறார்கள் என்று கேள்வி. போடிக்காரி கதையைக் கேட்டால், “அது எதுக்கு, யாரோ வெளியூர்க்காரி,” என்கிறார்களாம்.

இப்போது மதினி வாரத்துக்கு ஒன்றிரண்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். மருந்தடிக்க வந்தவர் சொன்னது, லாரிக்காரருக்கும் அவர் மாமனாருக்கும் நடந்தது என்று ஏதாவது இருக்கும். நான் எழுதுவதற்கு முன்னால், சம்பந்தப்பட்டவர்களிடம் எழுதலாமா என்று கேட்டுவிடுவேன். போன வாரம் அனுப்பியதில் பம்ப்செட் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. யாரோ ஒரு பெண், கல்யாணத் தேதியை அவளே மாற்றி வைத்தாள் என்பது வரைக்கும் புரிந்தது. திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“மாத்தி வச்சுட்டு என்ன பண்ணுனா மதினி?”

“இரு, மோட்டார நிப்பாட்டிட்டு வாரேன்,” என்றார்.